மூன்றாவது ஊசியும் மிளகாய் பஜ்ஜியும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பெங்களூர் நீலசந்திராவில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், அறுபது எழுபது பேர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க, நான் நான்கு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டேன்.

பசிக்காக இல்லை. ருசிக்காகவும் இல்லை — சரி, கொஞ்சம் ருசிக்காகத்தான். ஆனால் முக்கியக் காரணம் மருத்துவம். சாப்பிடச் சொன்னதே ஒரு டாக்டர். நான் கடிப்பது, மெல்வது, காரம் தாங்காமல் மூக்கை உறிஞ்சுவது என்று எதையும் யாரும் தவறவிடவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் எழுந்து வந்து, என் கீழ் இமையை விரலால் இழுத்துக் கண்ணைப் பார்த்துவிட்டுப் போனார். மஞ்சள் பூக்கிறதா என்று பார்த்தாராம்!

இத்தனை கூத்துக்கும் காரணம் நான் செய்த ஒரு தவறு. அதை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் புரியும்.

ஜனவரி மாதம் டாக்டர் சரளா என் வீட்டுக்கு வந்தார். எங்கள் விவேக் நகரில் பல வருடமாகக் கிளினிக் வைத்திருக்கும் குழந்தைகள் டாக்டர். வீட்டில் கன்னடம், கிளினிக்கில் எல்லா மொழியும். நீலசந்திராவில் பன்னிரண்டிலிருந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப் போகிறேன், மருந்துக்கு ஏற்பாடு ஆகிவிட்டது, பிள்ளைகளைக் கூட்டி வருவதும் நோட்டீஸ் எழுதுவதும் உங்கள் பொறுப்பு என்றார். நீங்கள்தான் வாராவாரம் எழுதுகிறீர்களே, ஒரு நோட்டீஸ் எழுத மாட்டீர்களா என்று ஒரு கொக்கியும் போட்டார். எழுதுகிறவர்களை மடக்க இதைவிடச் சுலபமான வழி உண்டா?

மொத்தம் மூன்று ஊசி. முதல் ஊசி போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது. முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம் மூன்றாவது. மூன்றும் போட்டால்தான் கணக்கு. குக்கரில் மூன்று விசில் வரவேண்டிய பருப்பை ஒரு விசிலில் இறக்கினால் என்ன ஆகும்? அப்படித்தான் இதுவும் என்று நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நோட்டீஸுக்கு வருவோம். 'ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முகாம்' என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். எனக்குப் பிடிக்கவில்லை. ஹெபடைடிஸ் என்றால் யாருக்குப் புரியும்? மஞ்சள் காமாலை என்று மாற்றினேன். 'மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாம்'... இப்போது தலைப்பு நீளமாக இருந்தது. பத்திரிகைக்காரியின் புத்தி சும்மா இருக்குமா? 'தடுப்பு' என்ற சொல்லை வெட்டினேன். 'மஞ்சள் காமாலை ஊசி! இலவசம்!' நச்சென்று இருந்தது. டாக்டரிடம் படித்துக் காட்டி, எப்படி என்று புருவத்தை வேறு உயர்த்தினேன்.

பிப்ரவரி முதல் ஞாயிறு முப்பத்தோரு பிள்ளைகள் வந்தார்கள். முப்பத்தோரு கார்டு எழுதினோம். மார்ச்சில் இரண்டாவது ஊசிக்கு இருபத்தாறு பேர். மீதி ஐந்து பேரை அடுத்த இரண்டு வாரத்துக்குள் வீடு வீடாகப் போய் நானே பிடித்து வந்தேன். பிள்ளைகள் கொஞ்சம் வாடியிருந்தார்கள். பரீட்சை நேரம், கண் விழித்துப் படிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர்கூட, ஏன் இந்தப் பிள்ளைகள் இப்படி இளைத்துவிட்டார்கள் என்று இரண்டு மூன்று பேரின் எடையைப் பார்த்தார்.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு, மூன்றாவது ஊசி. காலை ஒன்பது மணிக்கே ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டோம். டாக்டர், ஒரு நர்ஸ், நான்.

ஒரு மணி வரைக்கும் வந்தவர்கள் நான்கு பேர்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று வாரம் தவறாமல் படிக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு அது தலைக்கே வந்துவிட்டது. இலவசமாகக் கொடுத்தால் மதிப்பில்லை, இந்த ஜனங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது என்று டாக்டரிடம் பொரிந்து தள்ளினேன். டாக்டர் மிச்சமிருந்த மருந்தை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, 'முதல்ல ஏன் வரலைன்னு கேளுங்க. அப்புறம் திட்டலாம்' என்றார்.

கேட்கப் போனேன். நீலசந்திராவில் சந்துக்குச் சந்து வெயிலில் நடந்தேன். ஒரு வீட்டில் பையனுக்கு ஜலதோஷம். ஒரு வீட்டில் ஓசூரில் விசேஷம். ஒரு வீட்டில் பெண் தூங்குகிறாள், எழுப்ப மனசு வரவில்லை. எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள், காபி கொடுத்தார்கள், கண்ணை மட்டும் பார்க்கவில்லை. பொய் சொல்கிறார்கள் என்று தெரிந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

ஆறாவது வீடோ ஏழாவது வீடோ, தெருக்குழாயில் குடம் வைத்துக்கொண்டு ரேவதி நின்றிருந்தாள். பதினாலு வயது. எங்கள் முப்பத்தோரு பேரில் துடியானவள், முதல் ஊசிக்கு முதல் ஆளாகக் கையை நீட்டியவள். நீயுமா வரவில்லை என்று கேட்டேன். குடம் நிரம்பும் வரை யோசித்துவிட்டு அவள்தான் போட்டு உடைத்தாள்.

"பத்தியம் மேடம். அதுக்குத்தான் யாரும் வர்ல."

என்ன பத்தியம்?

"ஊசிக்குப் பத்தியம். எண்ணெய் கூடாது, காரம் கூடாது, கறி, கருவாடு எதுவும் கூடாது. ஒரு மண்டலம் மோர் சோறுதான். மொத ஊசிப் பத்தியம் முடியறதுக்குள்ள ரெண்டாவது போட்டுட்டீங்க. இப்ப ஆடி மேடம். கூழு ஊத்துறாங்க, கருவாட்டுக் கொழம்பு வெக்கிறாங்க. நாங்க மட்டும் மோர் சோறு துன்னுகினு ஒக்காந்திருக்கணுமா?"

நான் அந்தக் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்குப் புரிந்ததா? மஞ்சள் காமாலை வந்தால் பத்தியம் இருக்க வேண்டும் என்பது நம் எல்லோர் வீட்டிலும் இருக்கும் பழக்கம். ஊசியின் பெயரோ 'மஞ்சள் காமாலை ஊசி'. அப்படியானால் அது காமாலைக்கான மருந்து. மருந்து என்றால் பத்தியம் உண்டு. எவ்வளவு ஒழுங்கான தர்க்கம்! நாங்கள் யாரும் சொல்லாமலே, ஒவ்வொரு வீட்டிலும் நாற்பத்தெட்டு நாள் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. வளரும் பிள்ளைகள் மோர் சோற்றில் வாடியிருக்கிறார்கள். நான் பரீட்சை என்று நினைத்தேன். அலட்சியம் என்று திட்டினேன். அவர்களா அலட்சியம்? மண்டலக் கணக்கில் பத்தியம் காத்தவர்கள் அவர்கள். 'தடுப்பு' என்று ஒரு சொல்லை அலட்சியமாக வெட்டியது நான்.

அன்று சாயங்காலம் கிளினிக்கில் போய்ச் சொன்னேன். டாக்டர் சரளா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எந்தப் பத்தியம் என்று கன்னடத்தில் கேட்டார்.

"பத்யாவா? யாவ பத்யா ரீ?"

சொல்லி முடித்ததும் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். பிறகு சட்டென்று நிறுத்தி, பாவம் குழந்தைகள் என்றார். மூன்றாவது ஊசி சில வாரம் தள்ளிப் போனால் பரவாயில்லை, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதும் இல்லை, ஆனால் போடாமல் மட்டும் விடக்கூடாது என்றார். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு என்று நாள் குறித்தோம். ஆடியும் முடிந்திருக்கும்.

மறுபடியும் வீடு வீடாகப் போனேன். இது காமாலைக்கு மருந்து இல்லை, காமாலை வராமல் தடுக்கும் ஊசி, பத்தியமே கிடையாது என்று தொண்டை வறளச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். 'சரி மேடம், இருந்தாலும் ஸ்வல்பம் ஜாக்கிரதையா இருக்கறது நல்லது இல்ல?' என்றார்கள். எழுதியதை அழிப்பது எழுதுவதைவிட எவ்வளவு கஷ்டம் என்று அந்த வாரம் தெரிந்துகொண்டேன்.

ரேவதி வீட்டுக்கு மட்டும் நான் தனியாகப் போக வேண்டியிருந்தது. அவள் அம்மா தனலட்சுமி கார்மென்ட்ஸில் வேலை. ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவாள். போன உடனே என் பாட்டை ஆரம்பித்தேன். அவள் ஸ்டவ்வைப் பற்றவைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு சுவரைக் காட்டினாள். மாலை போட்ட ஒரு போட்டோ. அரும்பு மீசையோடு ஒரு பையன்.

ரேவதியின் அண்ணன் முருகேசன். ஆறு வருடத்துக்கு முன் மஞ்சள் காமாலையில் போனவன். அப்போது பதினாறு வயது. பச்சிலை கொடுத்திருக்கிறார்கள், பத்தியம் காத்திருக்கிறார்கள், வயிறு வீங்கி, நினைவு தப்பிப் பிதற்ற ஆரம்பித்தபின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே கையை விரித்து வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள்.

"வீட்டுக்கு வந்து ஒருநா நெனப்பு வந்துச்சு மேடம். வாய் செத்துப் போச்சும்மா, ஒரே ஒரு துண்டு கறி குடும்மான்னு கேட்டான். பெத்தவ இல்லியா... பக்கத்து வீட்ல வாங்கிக் குடுத்துட்டேன். நாலா நாளு போய்ட்டான்."

 

அவள் ஊசிக்கு எதிரி இல்லை. மற்ற எல்லோரையும்விட அவளுக்குத்தான் அந்த ஊசி வேண்டியிருந்தது. ரேவதி பத்தியம் இருந்தபோது அவளும் கூடவே இருந்திருக்கிறாள். ஆனால் இப்போது கம்பெனியில் ஓவர்டைம். பெண் நாள் முழுக்க வெளியே. ஸ்கூலில் யாராவது எதையாவது கொடுத்து, இது தின்றுவிட்டால்? ஒரு பிள்ளையைத் தன் கையால் கறி கொடுத்துக் கொன்றாகிவிட்டது — இப்படித்தான் சொன்னாள், கொன்றுவிட்டேன் என்று — இன்னொன்றையும் விடமாட்டாளாம். இரண்டு ஊசி போட்டாயிற்று, அது போதும் என்றாள். ரேவதி மூலையில் பாவாடை நுனியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 

அண்ணனுக்கு வந்தது அந்தப் பெண்ணுக்கும் வந்தால்? திரும்பி வரும்போது ஆட்டோவில் எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு மீட்டருக்கு மேல் கேட்காமல் போனார்.

டாக்டரிடம் அத்தனையும் சொன்னேன்.  கேட்டுவிட்டு, பேசிப் பிரயோஜனம் இல்லை, சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றார். எண்ணெயும் காரமும் சேர்ந்த பண்டம் எது? பெங்களூரில் இதற்கு யோசிக்க வேண்டுமா? மிளகாய் பஜ்ஜி.

யார் சாப்பிடுவது? டாக்டரும் நர்ஸும் எப்போதோ மூன்று ஊசியும் போட்டுக்கொண்டவர்கள். புதிதாக ஊசி போட்டு, உடனே பஜ்ஜி தின்று, பத்திரமாக எழுந்து நடக்க ஓர் ஆள் வேண்டும். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஊசி என்றால் எனக்கு எப்படி என்று உங்களுக்கே தெரியும், காய்ச்சலுக்கு ஊசி போட வந்த நர்ஸிடமிருந்து பாத்ரூமில் ஒளிந்தவள் நான். ஆனால் அந்தச் சொல்லை வெட்டிய கை என்னுடையது. குத்து வாங்கத்தானே வேண்டும்?

ஆக, போன ஞாயிறு. ஹால் வாசலிலேயே பஜ்ஜி போடும் ஒருவரை அடுப்போடு கொண்டு வந்து உட்கார வைத்தோம். எண்ணெய் கொதிக்கும் வாசனை நாலு தெருவுக்குப் போயிற்று. பிள்ளைகளைவிட அம்மாக்கள்தான் அதிகம் வந்தார்கள், வேடிக்கை பார்க்க. எல்லோர் முன்னாலும் நாற்காலியில் உட்கார்ந்து முழங்கைக்கு மேல் சட்டைக் கையைச் சுருட்டினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். நர்ஸ் முடிந்துவிட்டது என்றபோது இன்னும் குத்தவே இல்லை என்று நினைத்திருந்தேன். பிறகு பஜ்ஜி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. டாக்டர் இரண்டு. நர்ஸ் கணக்கில்லாமல்.

பத்து நிமிடம் போயிற்று. நான் மஞ்சளாகவில்லை. கண்ணைப் பார்த்த அந்த அம்மாள் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து, 'சும்மாதான் கீறாங்க' என்று அறிவித்தார். அவ்வளவுதான்! வரிசை தானாக நின்றது. ஊசி ஒரு பக்கம், பஜ்ஜி மறு பக்கம். மண்டலக் கணக்கில் அடக்கி வைத்த நாக்குகள்... ஒரு பையன் ஊசி போட்ட கையாலேயே பஜ்ஜியை வாங்கிக்கொண்டு, வலிக்கவே இல்லை மேடம், இன்னொரு ஊசி இருக்கா என்றான். கார்டில் மூன்றாவது கட்டம் ஒவ்வொன்றாக நிரம்பியது. பன்னிரண்டு மணிக்கு, முன்பே போட்ட நான்கு பேரையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன். முப்பது.

ஒரே ஒரு கார்டில் கடைசிக் கட்டம் காலி. ரேவதி.

நிமிர்ந்து பார்த்தால் கேட்டுக்கு வெளியே அம்மாவும் பெண்ணும். எவ்வளவு நேரமாக நிற்கிறார்களோ. தனலட்சுமி உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. நான் எழுவதற்குள் டாக்டர் சரளா எழுந்து வெளியே போய்விட்டார். நான் பின்னால் ஓடினேன்.

டாக்டர் ஊசியைப் பற்றிப் பேசவே இல்லை. பையனைப் பற்றிக் கேட்டார். வயிறு எப்போது வீங்கியது, பிதற்றல் எப்போது ஆரம்பித்தது, ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள், அதற்கு எத்தனை நாள் கழித்துக் கறி கொடுத்தீர்கள் என்று ஒவ்வொன்றாக, மெதுவாக. தனலட்சுமி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஆறு வருடமாக யாரும் அவளிடம் இதையெல்லாம் கேட்டதில்லை என்பது அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. பிறகு டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தன் தமிழில் சொன்னார்.

"அம்மா, நீங்க குடுத்த கறியால பையன் போகல. லிவர் அதுக்கு முன்னாடியே முழுசா கெட்டுப் போச்சு. அதனாலதான் ஆஸ்பத்திரியில வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அன்னைக்கு நீங்க குடுக்காம இருந்தாலும் போயிருப்பான். பசியோட போயிருப்பான்."

தனலட்சுமி டாக்டர் முகத்தைப் பார்த்தாள்.

"நெஜமாவா?"

"நெஜ."

அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தமாக, அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கவலைப்படாமல் அழுதாள். பஜ்ஜி போடுகிறவர் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். நானும் அழுதேன், நர்ஸும் அழுதாள். பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெண்ணின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். நாற்காலியில் உட்கார வைத்து, ரேவதியின் சட்டைக் கையைத் தானே சுருட்டிப் பிடித்தாள். ஊசி ஏறியதும் தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்து, ஊதி, பெண்ணின் வாயில் வைத்தாள். மீதிப் பாதியைத் தான் தின்றாள்.

முப்பத்தொன்று!

ஹாலில் யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். நான் எழுதிய எந்தப் பத்திக்கும் அப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை. முப்பத்தோரு கார்டையும் மேசையில் பரப்பி வைத்து நானும் டாக்டரும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கட்டம்கூடக் காலி இல்லை.

முந்தாநாள் சாயங்காலம் ரேவதி விவேக் நகருக்குப் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு தூக்கு. அம்மா கொடுத்தனுப்பினாளாம். திறந்தேன். ஆட்டுக்கறிக் குழம்பு.

"அண்ணன் போட்டோக்கு வெச்சுப் படைச்சாங்க மேடம். இத்தினி வருசமும் மோர் சோறுதான் வெப்பாங்க. கறி வெச்சது இதான் மொத தடவ."

எனக்கு இரண்டு வருடமாகக் கொலஸ்ட்ரால். ஆட்டுக்கறியைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்பது எனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. ரேவதியை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, சுடச்சுடச் சோறு போட்டு, தூக்கில் ஒரு துண்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.

பத்தியமாவது, ஒன்றாவது!